முன்பணம் கட்டும் முன் கிராண்டைப் பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 26 வருஷம் கிராண்ட் என்கிற வீட்டு உரிமைப் பத்திரங்களைப் பார்த்த கிளார்க் நான். இப்போது ஓய்வு. உங்கள் கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டு வரை போன சண்டை என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

செந்தூல் தம்பி: அக்கா, முதல் வீடு. 420,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) அடுக்குமாடி. கையில் எவ்வளவு வேண்டும்?

வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் உங்கள் பங்கு 42,000. வீடு பிடித்ததும் விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டை அதிலிருந்து முன்பணமாகக் கேட்பார்கள், மீதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது. முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2. உங்களுக்கு 7,400 வர வேண்டும். கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,890. மலேசியர், முதல் வீடு, 500,000க்குள் என்பதால் இரண்டும் விலக்கு. ஒப்பந்தம் 2027 முடிவதற்குள் கையெழுத்தாக வேண்டும்.

இதைக் கேட்டதும் ‘அப்போ செலவே இல்லை’ என்று கிளம்பிவிடாதீர்கள். வழக்கறிஞர் கட்டணம் 500,000 வரை 1.25 விழுக்காடு. வீட்டுக்கு 5,250, கடன் பத்திரத்துக்குத் தனியாக 4,725. இதற்கு விலக்கு கிடையாது. ஈபிஎஃப் (சேமநிதி) பணத்தை எடுக்கலாம், ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதை நம்பி முன்பணம் கட்ட முடியாது.

கெப்போங்: ஏஜென்ட் கமிஷன் யார் கொடுப்பது?

விற்பவர். அதிகபட்சம் 3 விழுக்காடு.

பத்து கேவ்ஸ்: நாளைக்குள் 9,000 கட்டாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவாராம். ஏஜென்ட் தன் கணக்கு எண்ணை அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஏஜென்டின் சொந்தக் கணக்கில் ஒரு காசு போடாதீர்கள். பணம் பதிவுபெற்ற ஏஜென்சியின் கிளையன்ட் கணக்குக்கோ (வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கு) வழக்கறிஞரின் கிளையன்ட் கணக்குக்கோதான் போக வேண்டும். ஏஜென்டின் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஆர்.இ.என் என்ற பதிவு எண் இருக்கும், சரிபாருங்கள். முதலில் நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பாருங்கள்.

ஓர் அம்மா கைப்பையிலிருந்து நாலாய் மடித்த ரசீதை எடுத்துக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கார்பன் தாள் பிரதி, தொகை இருந்தது, கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு கிறுக்கல். தேடிப் பார்த்தால் கிராண்டில் ஏற்கனவே ஒருவர் கேவியட், அதாவது கைமாற்றத் தடை, போட்டிருந்தார். அவரும் அதே வீட்டுக்கு முன்பணம் கட்டியவர். ஏஜென்டின் தொலைபேசி அன்றிலிருந்து அணைந்தே கிடந்தது.

காஜாங்: லீஸ்ஹோல்ட் வாங்கலாமா?

லீஸ்ஹோல்ட் என்றால் அரசு 99 வருஷம் போலக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்த நிலம். எத்தனை வருஷம் பாக்கி என்று பார்த்து வாங்கலாம். கைமாற மாநில அரசின் அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

கிள்ளான்: மன்னிக்கணும்கா, இது தப்பான வழிகாட்டல். லீஸ்ஹோல்ட் என்றால் வாடகை வீடுதான். காலவரம்பில்லாத ஃப்ரீஹோல்ட் மட்டுமே சொத்து.

வாடகை வீட்டை அடமானம் வைக்க முடியுமா ஐயா? பிள்ளைக்கு எழுதிவைக்க முடியுமா? ஃப்ரீஹோல்ட் கிராண்டிலும் ‘அனுமதியின்றி விற்கக் கூடாது’ என்ற வரி இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெளி அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கிள்ளான்: 1960இல் கொடுத்த 99 வருஷ நிலத்தை இன்று வாங்கினால் பேரன் எங்கே போவான்?

அந்தக் கேள்வி நியாயம். 2059இல் முடியும் நிலத்துக்கு நானும் போக மாட்டேன். பாக்கி குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும், நீட்டிக்க அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். காஜாங்காரர் கேட்டது அந்த நிலத்தைப் பற்றியா? 85, 90 வருஷம் பாக்கியிருந்தால் கணக்கே வேறு.

ரவாங்: கிள்ளான் அண்ணன் சொல்வதுதான் சரி. நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தபோது பட்ட பாடு போதும்.

அந்த வலி தெரியும் தம்பி, எங்கள் வீடும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுதான். தோட்டத்தில் நம் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை. லீஸ்ஹோல்டில் கிராண்ட் உங்கள் பெயரில் இருக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள். இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஸ்தாப்பாக்: கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா?

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி எழுதியிருந்தால் வரும்.

பூச்சோங்: லோன் ரிஜெக்ட் ஆனால் புக்கிங் பணம்...?

மேலே படியுங்கள்.

அம்பாங்: வாங்கி நாலாவது வருஷம். விற்றால் வரி?

லாபத்தில் 20 விழுக்காடு. ஐந்தாவது வருஷம் 15, ஆறாவது வருஷத்திலிருந்து மலேசியருக்கு இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு தடவை விலக்குக் கேட்கலாம். சின்ன லாபத்துக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

ஸ்ரீ கெம்பாங்கான்: தெற்கு வாசல் ஆகுமா?

கோயில் ஐயரைக் கேளுங்கள்.

செராஸ்: பழைய கொண்டோ, லீஸ்ஹோல்ட். ஒப்பந்தம் போன வாரம்தான் கையெழுத்தானது. தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டோம். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, சாவி வந்துவிடும்தானே?

அம்மா, வராது. மீதிப் பணம் கட்ட 3 மாதம், தவறினால் வட்டியோடு இன்னும் 1 மாதம் தருவார்கள். லீஸ்ஹோல்டில் அந்தக் கணக்கே மாநில அனுமதி வந்த பிறகுதான் தொடங்கும். விற்பவரிடம் ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் சாவி கேளுங்கள், வழக்கறிஞர் மூலம் எழுதி வாங்கிக்கொண்டு. அடுப்பைக் கையோடு கொண்டு போங்கள், பால் பொங்கியதும் பூட்டித் திருப்பிக் கொடுங்கள். சாமான் லாரியை அன்றைக்கு அழைக்காதீர்கள். அழைப்பிதழில் ‘மதிய விருந்து’ என்று அடித்திருந்தால் பக்கத்தில் ஒரு மண்டபம் பாருங்கள்.