களிமண் யானை செய்து உடலமைப்பைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

விலங்குகளின் உடலமைப்பைக் களிமண் வழியாகக் குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். யானையில் தொடங்குங்கள். பிள்ளைகள் முதலில் கால்களைக் குச்சி மாதிரி உருட்டி வைப்பார்கள். உடம்பு பொதுக்கென்று உட்கார்ந்துவிடும். உடனே திருத்தாதீர்கள். அவர்களே தூண் மாதிரி தடியாக மாற்றுவார்கள். அவ்வளவு எடையைத் தாங்க அப்படிப்பட்ட கால்தான் வேண்டும் என்பது கைக்கே புரிந்துவிடும்.

அப்புறம் தும்பிக்கை. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டதுதான் அது. உள்ளே எலும்பே கிடையாது. அதனால் தனியாக ஒட்டாமல், முகத்து மண்ணையே இழுத்து நீட்டச் சொல்லுங்கள். நம் ஊர் யானைக்கு நுனியில் விரல் போல ஒரு நீட்சி, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. கால் நகங்களைப் பிள்ளைகள் தங்கள் நகத்தாலேயே கீறலாம்: நம் ஊர் யானைக்குப் பொதுவாக முன்காலில் 5, பின்காலில் 4.