முகத்தில் மங்கு, ரத்தத்தில் 9.1: பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். ஹீமோகுளோபின் 9.1 இருக்கிறது, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) நார்மல் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். இரண்டு கன்னத்திலும் மங்கு. கழுத்தும் விரல் கணுக்களும் கறுத்துவிட்டன. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நாங்கள் சுத்த சைவம். "ரத்தமெல்லாம் பாலாப் போகுது, அதான் கறுத்துட்டே, புட்டிப்பாலுக்கு மாத்திடு" என்கிறார் மாமியார். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் இன்னும் கறுப்பேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் அதையும் விட்டுவிட்டேன். என்ன செய்வது?

பதில்: பாலை நிறுத்தாதீர்கள், மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். இது முதலில். அப்புறம், நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது கன்னத்து மங்கு இல்லை, விரல் கணு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மாமியார் கணக்கைப் பார்ப்போம். குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் குடிக்கும். அதில் போகிற இரும்பு, உங்கள் ரத்தம் ஒரு மில்லியில் இருக்கும் அளவுதான். ஆனால் பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலே சுமார் 200 மில்லிகிராம் இரும்பு போய்விடும். சிசேரியனில் அதற்கு மேலும் போகலாம். பால் மட்டும் கொடுக்கும்போது பலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதால் அந்த வழியில் இரும்பு மிச்சமாகவும் செய்கிறது. உங்கள் 9.1க்கு வேர் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இருக்கிறது. அதற்கு முன்பிருந்தும் இருக்கலாம்: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை.

இரும்பு குறைந்தால் தோல் கறுக்காது, வெளுக்கும். நம் மாநிறத்தில் வெளுப்பு கன்னத்தில் தெரியாது. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், நாக்கையும் உள்ளங்கை ரேகையையும் பாருங்கள். வாய் ஓரம் வெடிப்பது, நாக்கு வழவழப்பாகி எரிவது, நகம் மெலிந்து நடுவில் குழிவது, காரணமில்லாத அரிப்பு, இவையெல்லாம் இரும்புக் குறைவின் வேலை. மாத்திரையால் கறுப்பது மலம் மட்டுமே. கர்ப்பத்தில் மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதும் இதே ரகம்தான்.

கன்னத்து மங்கு ஹார்மோனும் வெயிலும் சேர்ந்து செய்வது. பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாக மங்கும், சிலருக்கு நிற்கும். கழுத்துக் கருமை தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கர்ப்பத்தில் சுகர் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை இன்னும் செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி விரல் கணு. கணுக்கள், உள்ளங்கை ரேகைகள், கால் விரல்கள் கறுப்பது வைட்டமின் பி12 குறைவில் நம் நாட்டில் அடிக்கடி பார்ப்பது. நீங்கள் சைவம் என்பதால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. எம்.சி.வி. நார்மல் என்பதும் எனக்கு ஆறுதல் தரவில்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி நடுவில் வந்து நின்று, ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சாகிவிடும். இரும்பு மாத்திரையில் கூடவே இருக்கும் ஃபோலிக் அமிலம் ஹீமோகுளோபினை ஏற்றிக் காட்டலாம், ஆனால் பி12 இல்லாமல் நரம்பில் நடக்கும் சேதம் நடந்துகொண்டே இருக்கும். கால் மரத்துப்போகிறதா, ஊசி குத்துவது போல் இருக்கிறதா?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தாய்க்கு இரும்பு குறைந்தாலும் பாலில் போகும் இரும்பு பெரிதாக மாறுவதில்லை. பி12 அப்படி இல்லை. தாயிடம் இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. அப்படிப்பட்ட குழந்தைகள் கொழுகொழுவென்றுகூட இருப்பார்கள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பதை விடும், நின்ற தலை மறுபடி தொங்கும், முடி செம்பட்டையாகி மெலியும், குழந்தையின் விரல் கணுவும் கறுக்கும், பிறகு கை நடுங்கும். சீக்கிரம் கண்டுபிடித்து ஊசி போட்டால் நன்றாகத் தேறும், தாமதித்தால் வளர்ச்சியில் பாதிப்பு தங்கிவிடலாம். உங்கள் மகளிடம் இதில் ஒன்று தெரிந்தாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். அப்போதும் பாலை நிறுத்த வேண்டியதில்லை, இருவருக்கும் பி12 கொடுத்தால் போதும்.

நீங்கள் எடுக்க வேண்டிய டெஸ்ட்கள் ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது), பி12, தைராய்டுக்கு டி.எஸ்.எச். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு தடுமாறும். தோல் வறண்டு சோர்வு வரும்போது அதையும் ரத்தசோகைக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மாத்திரை எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரசுத் திட்டத்தில் பால் கொடுக்கும் தாய்க்கு 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையும் கால்சியமும் 180 நாளுக்குத் தருகிறார்கள். இரண்டையும் ஒரே வாயில் போட்டுக் காபியோடு முழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. இரும்பு தனியாக, எலுமிச்சை ஜூஸோடு, கால்சியம் சாப்பாட்டோடு. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காபி, டீ, பால் வேண்டாம். குமட்டினால் விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லலாம். ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் பங்கு அப்படிப் போட்டால் கூடுகிறது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பீட்ரூட்டையும் மாதுளையையும் நம்பி உட்காராதீர்கள், நிறம்தான் சிவப்பு. கீரை, கம்பு, பயறு எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் 9.1ஐ அவை மட்டும் தூக்கிவிடாது.

மாத்திரைக்கு ஏறாவிட்டால் டிரிப்பில் இரும்பு ஏற்றுவார்கள். பால் கொடுப்பவர்களுக்கும் அது கொடுப்பதுதான். ஏற்றும்போது ஊசி இருக்கும் இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் வரும் பழுப்புக் கறை வருஷக் கணக்கில் போகாது. இரும்பு மருந்தால் தோலின் நிறம் மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மங்குக்கு இப்போதைக்கு சன்ஸ்கிரீன் போதும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை இன்னும் நல்லது. தேவைப்பட்டால் அசிலாயிக் ஆசிட் கிரீம் பாதுகாப்பானது. ஹைட்ரோகுவினோன் தோல் வழியாக நிறைய உள்ளே போகிறது, பால் மறக்கும் வரை அது வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' டியூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசமே இருக்கலாம். உங்கள் கன்னத்தில் தடவியது குழந்தையின் கன்னத்துக்கும் போகும். எலுமிச்சையை முகத்தில் தேய்த்து வெயிலில் போனாலோ இருக்கிற கருமை கூடும்.

முடி கொட்டுவது பிரசவத்துக்குப் பின் மூன்று, நான்கு மாதத்தில் பலருக்கும் வருவதுதான். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகும். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இழுத்தடிக்கும்.

படியேறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, தலைசுற்றல் இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவோடு இரும்பு சிரப்பும் தொடங்க வேண்டும். வாரம் இருமுறை 1 மில்லி, அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள்.