அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்? வாசகர் கேள்விகள்

கேள்வி: கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன். வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு 30, 40 பேர் வருவார்கள், எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், கைதட்டலும் இருக்கும். பட்ஜெட் 15,000 ரூபாய். கடையில் 20 வாட், 40 வாட், 100 வாட் என்று காட்டுகிறார்கள். எத்தனை வாட் போதும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கிட்டாரின் அடிப்பகுதியில், ஸ்ட்ராப் மாட்டும் குமிழிலோ அதற்குப் பக்கத்திலோ, பின் சொருகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவி) இருக்கிறது. வாசிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும் பக்கப்பலகையில் வால்யூம், பாஸ், டிரெபிள் திருகுகளும் 9 வோல்ட் பேட்டரி அறையும் இருந்தால், பிக்கப்பின் சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்றபடி பலப்படுத்தும் பிரீஆம்ப்பும் இருக்கிறது. அப்படியானால் நேரே ஆம்ப் கடைக்குப் போகலாம்.

ஓட்டையே இல்லையென்றால் 15,000-த்தில் ஒரு பங்கைப் பிக்கப்புக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். உங்கள் கிட்டாரில் ஸ்டீல் கம்பி என்றால் சவுண்ட்ஹோலில் குறுக்கே மாட்டும் காந்தப் பிக்கப் போதும். மரத்தில் துளை போட வேண்டியதில்லை, கழற்றி இன்னொரு கிட்டாரிலும் மாட்டலாம். நைலான் கம்பிக்கு அது வேலை செய்யாது, காந்தம் நைலானை உணராது. நைலானுக்கு சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் படியும் மெல்லிய பட்டை) அடியில் வைக்கும், அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் பீசோ பிக்கப்தான் வழி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஸ்டிக்கர் போல ஒட்டும் வட்ட பீசோவை வீட்டில் ரெக்கார்டிங் பழகப் பயன்படுத்தலாம். கூட்டத்தில் பயன்படுத்தினால் சட்டை பொத்தான் உரசுவதுகூட ஸ்பீக்கரில் கேட்கும்.

இப்போது வாட். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 மடங்கு வாட் தேவை. அதனால் 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் விலையில் இருக்கும் வித்தியாசம் சத்தத்தில் இருக்காது. அமைதியாக உட்கார்ந்து கேட்கும் 20 பேருக்கு 15 வாட் போதும். உங்கள் கூட்டத்தில் பாட்டும் கைதட்டலும் இருப்பதால் 30-லிருந்து 60 வாட்டுக்குள் பாருங்கள்.

அந்த வாட் எந்த வாட் என்றும் கேளுங்கள். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்) என்று போட்டிருந்தால் கணக்கு சரி. பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப்போடும் கணநேர உச்ச வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். அடாப்டரில் ஓடும் ஆம்ப் என்றால் அடாப்டரைத் திருப்பி அதில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 15 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 30 வாட். 30 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து தொடர்ந்து 100 வாட் வெளியே வராது, பெட்டியின்மேல் என்ன எழுதியிருந்தாலும்.

உங்கள் வேலைக்கு வாட்டைவிட முக்கியம் இரண்டு சேனல். ஒன்று கிட்டாருக்கு, மற்றொன்று மைக்குக்கு, இரண்டுக்கும் தனித்தனி வால்யூம், மைக் சேனலில் மூன்று கால் உள்ள எக்ஸ்எல்ஆர் சாக்கெட். இது இருந்தால் பாட்டும் கிட்டாரும் ஒரே பெட்டியில் முடிந்துவிடும். அடுத்தது ட்வீட்டர் (கூர்மையான ஒலிகளைக் கொடுக்கும் சின்ன ஸ்பீக்கர்), அல்லது ட்வீட்டரின் வேலையைச் செய்யும் இரட்டைக் கூம்பு ஸ்பீக்கர். ஊளையிடும் ஒலியை மட்டும் வெட்டும் நாட்ச் அல்லது ஆன்ட்டி-ஃபீட்பேக் திருகும், சிக்னலைத் தலைகீழாக்கி ஊளையைக் குறைக்க உதவும் ஃபேஸ் பட்டனும் இருந்தால் நல்லது. எஃபெக்ட்டில் ரிவர்ப் (பெரிய அறையில் கேட்பது போன்ற எதிரொலி) ஒன்று போதும். "40 எஃபெக்ட்ஸ் இருக்கு சார்" என்று கடைக்காரர் சொல்வதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

சிறியதில் ஃபென்டர் அக்கூஸ்டாசோனிக் 15, பெரிங்கர் அல்ட்ராக்கூஸ்டிக் ஏடி108 இரண்டும் 15 வாட், இரண்டிலும் மைக்குக்குத் தனி சேனல் உண்டு. உங்கள் கூட்டத்துக்கு இவை கொஞ்சம் திணறும். மார்ஷல் ஏஎஸ்50டி 50 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட், 6.5 அங்குல வூஃபரும் 1 அங்குல ட்வீட்டரும். சத்தம் இவற்றில்தான் சரியாக வரும், ஆனால் புதிதாக வாங்கினால் பட்ஜெட் தாங்காது, பழையது தேடலாம். புதிதுதான் வேண்டுமென்றால், மைக் இன்புட்டோடு வரும் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) ஒன்றில் உங்கள் கிட்டாரை மாட்டி வாசித்துப் பாருங்கள். கிட்டாரில் பிரீஆம்ப் இருந்தால், "அக்கூஸ்டிக் ஆம்ப்" என்ற பெயர் இல்லாத அந்தப் பெட்டியே அதே விலையில் உங்களுக்கு அதிகம் உதவும்.

ஒன்று விட்டுப்போயிற்று. மிக்ஸரும் மைக் செட்டும் உள்ள சர்ச்சில் வாசிக்க ஆம்ப் தேவையே இல்லை. ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். கிட்டார் ஒயரை அதில் சொருகி, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் ஒயரில் மிக்ஸருக்குக் கொடுத்தால் போதும்.

கேள்வி: மகனின் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் 10 வாட் சும்மா கிடக்கிறது. அதில் என் அக்கூஸ்டிக்கை மாட்டினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கிறது. ஆம்ப் பழுதா?

பதில்: பழுது இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும், வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். டிஸ்டார்ஷனின் கரகரப்பு காதைக் குத்தாமல் இருப்பது அதனால்தான். அக்கூஸ்டிக்கின் கம்பிச் சிலிர்ப்பும் பிக் படும் ஒலியும் இருப்பது அதற்கு மேலே. டிரெபிளைக் கூட்டினாலும், ஸ்பீக்கரால் கொடுக்க முடியாததைத் திருகு கொடுக்காது. பழகுவதற்கு என்றால் கிளீன் சேனல், கெயின் குறைவாக, மிடில் பாதிக்கும் கீழே வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: என் கிட்டாரில் பிக்கப் உண்டு, பேட்டரி கிடையாது. ஹோம் தியேட்டரின் ஆக்ஸில் கொடுத்தால் தகர டப்பா மாதிரி இருக்கிறது. பாஸ் முழுக்கக் கூட்டியும் வரவில்லை.

பதில்: பிரீஆம்ப் இல்லாத பீசோ பிக்கப் என்றால் காரணம் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அந்த சாக்கெட் காட்டும் மின்தடை. பீசோ ஒரு சின்ன கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும். 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸ் இன்புட் 47 கிலோஓம் என்றால் இரண்டும் சேர்ந்து சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் படிப்படியாக வெட்டும். உங்கள் தடித்த ஆறாவது கம்பியோ 82 ஹெர்ட்ஸ். அது ஸ்பீக்கர் வரை வந்து சேரவே இல்லை, பாஸ் திருகு எதைக் கூட்டும்?

அதே பிக்கப்பை 1 மெகாஓம் இன்புட்டில் கொடுத்தால் வெட்டு 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 10 மெகாஓம் என்றால் 16 ஹெர்ட்ஸுக்கு. ஆகவே நடுவில் ஒரு அக்கூஸ்டிக் பிரீஆம்ப் வைக்க வேண்டும். வாங்கும்போது பெட்டியில் இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் வேண்டாம். கிட்டாரிலிருந்து பிரீஆம்ப்புக்குப் போகும் ஒயரும் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். புளூடூத்தில் இணைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். கம்பியைத் தட்டி நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கழித்துத்தான் ஒலி வரும், தாளத்தோடு வாசிக்க முடியாது.

கேள்வி: வால்யூம் பாதியைத் தாண்டினால் "ஊம்ம்" என்று ஊளையிடுகிறது. ஜி கார்டு பிடித்தால் இன்னும் மோசம்.

பதில்: ஜி கார்டு என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. கிட்டாரின் கூட்டுக்குள் இருக்கும் காற்று பொதுவாக 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் தானாக அதிரும். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி 98 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் அந்த ஒலியைக் கொடுக்க, கூடு அதை வாங்கி அதிர, பிக்கப் மறுபடி ஆம்ப்புக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றி வளர்கிறது.

முதலில் ஆம்ப்பை இடம் மாற்றுங்கள். முதுகுக்குப் பின்னால், சுவர் மூலையில், தரையில் வைத்திருந்தால் மூன்றும் பாஸைக் கூட்டும். ஒரு நாற்காலிமேல், உங்களுக்கு ஓரடி முன்னால், பக்கவாட்டில் வையுங்கள். பிறகு ஃபேஸ் பட்டனை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் ஊளை குறைகிறதோ அதில் விடுங்கள். அடுத்து நாட்ச்: ஊளை லேசாகத் தொடங்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றி, நாட்ச் திருகை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் சட்டென்று அடங்கும். அங்கே நிறுத்துங்கள். நாட்ச் இல்லாத ஆம்ப் என்றால் பாஸைக் குறையுங்கள், ஆனால் கிட்டாரிலும் ஆம்ப்பிலும் சேர்த்துக் குறைக்காமல் ஒன்றில் மட்டும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் சவுண்ட்ஹோலை மூடும் ரப்பர் வட்டம் வாங்குங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவு, பல நேரம் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வதும் அதுதான்.

"கீய்ய்" என்று மேலே கத்தினால் அது கிட்டார் அல்ல, மைக். மைக்கின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்காமல் திருப்பினால் நிற்கும்.

கேள்வி: பழைய ஆம்ப் ஒன்று பேசி முடித்திருக்கிறேன். வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கிட்டாரையும் உங்கள் ஒயரையும் கொண்டுபோங்கள். கிட்டாரில் புது 9 வோல்ட் பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரியின் நரநரப்பை ஆம்ப்பின் குறை என்று நினைப்பீர்கள். எதுவும் சொருகாமல் ஆன் செய்து வால்யூமை ஏற்றினால் "ஸ்ஸ்" என்று லேசாக வரலாம். "ர்ர்ர்" என்று கனமாக வந்தால் பவர் சப்ளையில் கோளாறு இருக்கலாம். ஒவ்வொரு திருகையும் முழுக்கச் சுற்றுங்கள். கரகரத்தால் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும், விலையைக் குறைக்க அதைச் சொல்லலாம். சொருகிய பி-38 பின்னை (கிட்டார் ஒயரின் தடித்த பின்) லேசாக ஆட்டும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, அதையும் மாற்றிக்கொள்ளலாம். ட்வீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க, பெட்டிக்கு அருகே காதை வைத்து மெல்லிய முதல் கம்பியைத் தட்டிக் கேளுங்கள்.

கடைசியாக பிளக். மூன்று பின்னில் மேலே உள்ள எர்த் பின்னை இரைச்சல் குறைவதற்காக யாராவது வெட்டியிருந்தால், ஒயரை மாற்றி, எர்த் சரியாக இருக்கும் பாயிண்ட்டில் போட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால், அல்லது பெட்டியின் உலோகத்தில் டெஸ்டர் எரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாய் மைக்கிலும் கை கம்பியிலும் இருக்கப் போகிறது.