சூப்பர்நோவா வெளிச்சமும் வழியில் நிற்கும் கேலக்ஸியும்

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: சார், ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாவை வைத்துத் தூரம் அளக்கிறார்களே, வழியில் ஒரு கேலக்ஸி நின்றால் கணக்குத் தப்பாகிவிடாதா?

ஆகும் கண்ணு. சூப்பர்நோவா என்றால் நட்சத்திர வெடிப்பு. வெடித்தபின் மங்கும் வேகத்தை வைத்துச் சரிக்கட்டினால், ஒன்று-ஏ வகை எல்லாமே ஏறக்குறைய ஒரே பிரகாசம். மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம் என்று கணக்கு. வழியிலுள்ள நிறை ஒளியை வளைத்து நம் பக்கம் குவித்தால், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் என்று எழுதிவிடுவோம்.

ஈரோடு, விசைத்தறி உரிமையாளர்: அப்போ எல்லாமே கூடுதல் வெளிச்சமாத்தானுங்க தெரியணும்?

இல்லைங்க. ஒளி புதிதாக முளைப்பதில்லை, பங்குதான் மாறுகிறது. காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு மடையை அகலமாகத் திறந்தால் அந்த வயல் நிறையும், மற்ற வயல்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் குறையும். அண்டத்தில் வெற்றிடமே அதிகம். அதனால் பெரும்பாலான சூப்பர்நோவாக்கள் சற்றே மங்கலாகவும், ஒரு சில மட்டும் வெகு பிரகாசமாகவும் தெரியும். நூற்றுக்கணக்கில் சேர்த்தால் சராசரி சரியாக வரும். நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொன்னால்தான் வம்பு.

கோவை: 1998-ல் அண்டம் வேகமாக விரிகிறது என்றார்களே, அதுவும் இந்தக் கோளாறுதானா?

இல்லை. அப்போது சூப்பர்நோவாக்களுக்கு எதிர்பார்த்ததைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகத் தூரம் வந்தது. அந்தத் தொலைவில், இப்படி நிறை ஒளியை வளைக்கும் வில்லை விளைவு அவ்வளவு பெரிதல்ல. செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு; தூரம் கூடினால் இதுவும் கூடும்) 1-ஐத் தாண்டும்போதுதான் அது கவலை தருகிறது.

தாராபுரம், ஆசிரியர்: நிஜமாக யாராவது ஏமாந்திருக்கிறார்களா?

ஏமாந்தார்கள். 2010-ல் ஹவாயில் கண்ட ஒரு சூப்பர்நோவாவைப் புதுவகை அதிபிரகாச வெடிப்பு என்றே முதலில் சொன்னார்கள். பிறகு பார்த்தால், முன்னால் நின்ற மங்கலான கேலக்ஸி ஒன்று சாதாரண ஒன்று-ஏ வெடிப்பைச் சுமார் 30 மடங்கு பெருக்கிக் காட்டியிருந்தது!

எனக்குப் பிடித்தது வேறொன்று. 2014-ல் ஹப்பிள் விண்தொலைநோக்கிப் படத்தில், ஒளி வெவ்வேறு வழியில் வளைந்து வந்ததால், ஒரே வெடிப்பு நான்கு புள்ளிகளாகத் தெரிந்தது. இன்னொரு பிம்பம் சுற்றுவழியில் தாமதமாக வரும், இன்ன இடத்தில் தெரியும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். 2015 டிசம்பரில் அப்படியே வந்தது. அந்த சூப்பர்நோவாவுக்கு ரெஃப்ஸ்டால் என்ற விஞ்ஞானியின் பெயரை வைத்தார்கள். இப்படிப்பட்ட தாமதத்தை அளந்தால் அண்டம் விரியும் வேகம் கிடைக்கும் என்று 1964-லேயே எழுதியவர் அவர்.

காங்கேயம்: எங்க மொட்டைமாடியில இருந்து பார்க்க முடியுங்களா?

இது முடியாதுங்க, அவ்வளவு மங்கல். ஆனால் 2023 மே மாதம் சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் எம்101 கேலக்ஸியில் வெடித்த சூப்பர்நோவா, சின்னத் தொலைநோக்கியிலேயே தெரிந்தது. அடுத்து அப்படி ஒன்று வந்தால் தெருவிளக்கு இல்லாத தோட்டமாகப் பார்த்துப் போய்விடுங்க.