ஒன்பது வயதில் போட்டி நடனத்துக்குப் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. 5 வயதிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் நடன வகுப்புக்குப் போகிறாள். இப்போது அவளைப் போட்டிக் குழுவில் சேர்க்கலாம் என்கிறார் ஆசிரியை. வாரத்தில் 4 நாள், ஒவ்வொரு நாளும் 2 மணி நேரம் பயிற்சி. பழைய வகுப்பும் தொடருமாம். இவளோடு சேர்ந்த ஒரு பெண் 7 வயதிலேயே தனியாக ஆடிப் பரிசு வாங்கிவிட்டாள். நாங்கள் தாமதித்துவிட்டோமா? இவ்வளவு பயிற்சியை இந்த வயது உடம்பு தாங்குமா? மகளுக்கு ஆசைதான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி,

தாமதம் எதுவும் இல்லை. மிஸ்டி கோப்லேண்ட் 13 வயதில்தான் பாலே கற்கத் தொடங்கினார். 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞரானார். அந்தக் குழுவில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். எல்லோருக்கும் அப்படி அமையாது, அவர் அபூர்வமானவர். ஆனாலும் 9 வயதிலேயே நேரம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 7 வயதில் பரிசு வாங்கிய அந்தச் சின்னப் பெண்ணை உங்கள் மகளோடு சேர்த்து அளக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு விஷயம். நான்கு ஆண்டுகளாக வாரம் 1 மணி நேரம் ஆடிய குழந்தை, ஒரே தாவலில் 9 மணி நேரத்துக்குப் போகப்போகிறாள். குழந்தைகளுக்கான விளையாட்டு மருத்துவத்தில் எளிய கணக்கு ஒன்று உண்டு: வாரப் பயிற்சி நேரம் குழந்தையின் வயதைத் தாண்டக்கூடாது. 9 வயதுக்கு 9 மணி நேரம் என்றால் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அது உச்ச வரம்பு. படிப்படியாகத்தான் அங்கே போக வேண்டும். பள்ளியில் ஓட்டமோ நீச்சலோ இருந்தால் அதையும் இதில் சேர்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும், ஆண்டில் சில வாரங்கள் போட்டிப் பயிற்சியே இல்லாத இடைவெளியும் அவசியம். பாதம், முழங்கால், இடுப்பு எல்லாம் திடீர்ச் சுமையில்தான் அதிகம் அடிபடுகின்றன.

அடுத்து, போட்டிக் குழுவில் நடக்கும் வேலையே வேறு. வகுப்பில் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று புதிதாக வந்துகொண்டே இருக்கும். போட்டிக்கு இரண்டு மூன்று நிமிட நடனம் ஒன்றையே மாதக்கணக்கில் ஆட வேண்டும். தலை திரும்பும் நொடி, விரல் நிற்கும் உயரம், வரிசையின் நேர்கோடு என்று திருத்தம் மேல் திருத்தம். சில குழந்தைகள் இதில் தனி இன்பம் காண்கிறார்கள். நடனத்தை உயிராக நினைக்கும் சில குழந்தைகளோ இதில் வாடிப்போகிறார்கள். உங்கள் மகள் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கலாம். யாரும் சொல்லாமலே வீட்டில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறாளா? பக்கத்தில் நிற்பவளைப் பார்க்காமல் முழு நடனத்தையும் நினைவிலிருந்து ஆடுகிறாளா? ஆசிரியை திருத்தும்போது முகம் சுருங்கினாலும் அடுத்த முறை அதைச் செய்து காட்டுகிறாளா? இவற்றுக்கு ஆம் என்றால் அவள் தயார். அவள் ஆசை மேடை, உடை, ஒப்பனை ஆகியவற்றில் மட்டும் இருந்தால், அதில் தவறே இல்லை, ஆண்டு விழா நடனமே இப்போதைக்குப் போதும்.

ஆசிரியையிடம் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: அந்த 8 மணி நேரத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு எவ்வளவு, போட்டி நடனத்துக்கு எவ்வளவு? போட்டி நெருங்க நெருங்க அடிப்படையைக் குறைத்து ஒத்திகையைக் கூட்டும் இடங்கள் உண்டு. அங்கே வளரும் குழந்தை இரண்டு நடனங்களை அற்புதமாக ஆடும், மூன்றாவதைக் கொடுத்தால் தடுமாறும். பழைய வகுப்பு தொடரும் என்று உங்கள் ஆசிரியை சொல்லியிருப்பது நல்ல அறிகுறி. உடை, நுழைவுக் கட்டணம், பயணம் என்று ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அவள் மளமளவென்று உயரத் தொடங்குவாள். எலும்பு முதலில் நீளும், தசை பின்னால் வரும். நேற்று வரை எளிதாக விரிந்த கால் இன்று விறைக்கும், சுழலும்போது தள்ளாடும். திறமை போய்விட்டதென்று குழந்தை அழும். விவரம் தெரியாத பயிற்சியாளர் இன்னும் அழுத்துவார். அது தானாகச் சரியாகும், அந்த மாதங்களில் பயிற்சியைக் குறைக்க வேண்டுமே தவிர கூட்டக்கூடாது. முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வரும் வலிக்கு வளரும் எலும்பின் முனைதான் பெரும்பாலும் காரணம். வலியோடு ஆட விடாதீர்கள். பின்னால் வளைந்து ஆடும் குழந்தைக்குக் கீழ்முதுகு வலி இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கால் விரிய வேண்டும் என்று யாராவது குழந்தையின் மேல் ஏறி அழுத்தினாலோ, எடையைப் பற்றிக் கேலி பேசினாலோ, அந்த இடம் எவ்வளவு பரிசு வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

தனி நடனம் முதல் ஆண்டில் தேவையில்லை. குழுவில் ஆடினால் தவறின் பாரம் ஒருத்தி தலையில் விழாது, மேடைப் பழக்கமும் வரும். அப்புறம், பதக்கத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பல போட்டிகளில் தங்கம், வெள்ளி என்பது மதிப்பெண் வரம்பை வைத்துத் தருவது. ஒரே பிரிவில் பலர் தங்கம் வாங்குவார்கள், முதலிடம் தனி. இது தெரியாமல் ஏமாறும் பெற்றோர் நிறைய. பதக்கத்தைவிட நடுவர்களின் குறிப்பு பயன் உள்ளது. தந்தால் மறுநாள் ஆசிரியையோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அன்றே வீடு திரும்பும் வழியில் தவறுகளைப் பேச வேண்டாம். “நீ ஆடுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான். பழைய வகுப்போடு வாரம் 2 நாள் பயிற்சி, ஒரே ஒரு குழு நடனம் என்று இந்த ஆண்டு தொடங்கட்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள், மகள், ஆசிரியை மூவரும் பேசி, கூட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். 4 நாள் வந்தால்தான் சேர்ப்போம் என்று ஆசிரியை சொன்னால், இந்த ஆண்டு வகுப்பை மட்டும் வாரம் இரண்டாக்கிவிட்டு, 10 வயதில் குழுவுக்கு அனுப்புங்கள்.