டிக்கெட் தொலைந்த டோல்கேட்டும் இரண்டு பில்களும்

கேள்வி: இத்தாலியில் கார் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றினோம். பொலோஞ்ஞாவில் ஏ1 நெடுஞ்சாலையில் ஏறி ஃபுளோரன்ஸில் இறங்கினோம். ஏறும்போது எடுத்த டிக்கெட்டை இறங்கும் இடத்தில் தேடினால் காணவில்லை. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். உதவி பட்டனை அழுத்தியதும் இயந்திரம் ஒரு சீட்டைத் தந்தது, தடுப்பும் திறந்தது. ரசீது என்று நினைத்துக் கிளம்பிவிட்டோம். மூன்று மாதம் கழித்து வாடகை நிறுவனம் என் கார்டிலிருந்து 45 யூரோ எடுத்துக்கொண்டது. அதோடு முடிந்தது என்று இருந்தேன். இப்போது ஒரு வசூல் நிறுவனம் 80 யூரோவுக்கு மேல் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. நாங்கள் ஓட்டியதே நூறு கிலோமீட்டர்தான். ஓட்டியது என் மனைவி, ஒப்பந்தம் என் பெயரில். இரண்டு முறை கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால் அடுத்த முறை போகும்போது பிடிப்பார்களா?

பதில்: முதலில் அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள். அது ரசீது இல்லை. தலைப்பில் ‘மன்காத்தோ பகமெந்தோ’ என்று இருக்கும். கட்டணம் செலுத்தப்படவில்லை என்பதற்கான பதிவு அது. வண்டி எண், இறங்கிய இடம், நேரம், தொகை எல்லாம் அதில் இருக்கும். 15 நாளுக்குள் கட்டினால் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. தடுப்பு திறந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்துப் பலர் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இரண்டு தொகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரே சம்பவத்தில் தொடங்கினாலும் இவை வெவ்வேறு ஆட்களுக்கு, வெவ்வேறு காரணத்துக்காகத் தர வேண்டியவை.

45 யூரோ பெரும்பாலும் டோல் கட்டணமாக இருக்காது. நெடுஞ்சாலை நிறுவனம் ‘இந்த வண்டியை அன்று யார் வைத்திருந்தார்கள்’ என்று கேட்கும். உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் வாங்கிக்கொள்ளும் நிர்வாகக் கட்டணம் அது. அதைக் கட்டியதால் டோல் பாக்கி ஒரு சென்ட்கூடக் குறையாது. ஆனால் சில நிறுவனங்கள் டோலையும் தாங்களே கட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கார்டில் எடுப்பது உண்டு. உங்கள் விஷயத்தில் நடந்தது எது என்று எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி எடுத்தார்கள், யாரிடமிருந்து என்ன நோட்டீஸ் வந்தது, டோலைக் கட்டினார்களா, கட்டியிருந்தால் ரசீது எங்கே? இந்தப் பதில்கள் கையில் வராமல் வசூல் நிறுவனத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

நிர்வாகக் கட்டணத்தை எதிர்க்க முடியுமா? ஒப்பந்தத்தில் தொகையோடு தெளிவாக எழுதி, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். தொகையே சொல்லாமல் ‘செலவுகள் வசூலிக்கப்படும்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் வாதாட இடம் உண்டு. நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற விதிகள் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று 1993ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை சொல்கிறது. ஆனால் கோபத்தில் நேரே வங்கிக்குப் போய்ப் பணத்தைத் திரும்ப இழுக்காதீர்கள். அதற்கு முன் கடிதப் போக்குவரத்து இருந்தால் வங்கியிலும் உங்கள் கை ஓங்கும்.

இனி 80 யூரோ. இங்கேதான் உங்களுக்கு நல்ல பிடி இருக்கிறது. இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 176ஆம் பிரிவின்படி, ஏறிய இடத்தைக் காட்டும் டிக்கெட் இல்லாதவர்களுக்கு, மிகத் தொலைவில் உள்ள நுழைவாயிலிலிருந்து வந்ததாக வைத்துக் கட்டணம் போடுவார்கள். நூறு கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று நீங்கள் திகைத்ததற்குக் காரணம் அநேகமாக இதுதான். ஆனால் அதே பிரிவு, உண்மையில் எங்கே ஏறினோம் என்று நிரூபிக்கும் உரிமையையும் பயணிக்குத் தருகிறது. கடிதம் வந்த பயத்தில் இதைக் கேட்காமலே முழுத் தொகையைக் கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அன்று காலை பொலோஞ்ஞாவில் இருந்தீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது? விடுதியைக் காலி செய்த பில், பெட்ரோல் ரசீது, பார்க்கிங் சீட்டு, கார்டு கணக்கில் நேரத்தோடு பதிவான காபிச் செலவு, ஃபோனில் நேரமும் இடமும் பதிந்த புகைப்படம், எல்லாம் உதவும். காலை 10 மணிக்கு பொலோஞ்ஞாவில் பெட்ரோல் போட்டவர், 12 மணிக்குள் தெற்கே வெகு தொலைவில் உள்ள நேப்பிள்ஸ் போய் அங்கிருந்து ஃபுளோரன்ஸுக்கு வந்திருக்க முடியாது. இப்படி நேரக் கணக்கோடு நான்கு வரி எழுதி, சான்றுகளை இணைத்து, நெடுஞ்சாலை நிறுவனத்துக்கே நேரடியாக அனுப்புங்கள். வசூல் நிறுவனத்துக்கு ஒரு நகல். பொலோஞ்ஞாவிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு உள்ள கட்டணத்தை ஒப்புக்கொள்கிறேன், மீதியை மறுக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாடகை நிறுவனம் டோலைக் கட்டவில்லை என்று பதில் வந்ததும், ஒப்புக்கொண்ட தொகையை, சீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, உடனே கட்டிவிடுங்கள். தாமதத்துக்கான சிறு செலவு சேரலாம். 15 நாள் தாண்டியது நீங்கள்தான், அதில் ரொம்ப மல்லுக்கட்ட வேண்டாம்.

ஓட்டியது மனைவி என்பதால் நீங்கள் தப்பிக்க முடியுமா? டோலைப் பொறுத்தவரை இத்தாலியச் சட்டம் ஓட்டுநரையும் வண்டியின் உரிமையாளரையும் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது. உரிமையாளர் வாடகை நிறுவனம். அது ஒப்பந்தத்தைக் காட்டி உங்களிடம் திரும்பும். எப்படிச் சுற்றினாலும் வீட்டுக்குள்தான் வருகிறது. வாடகை நிறுவனங்கள் ஏன் இவ்வளவு அவசரமாகக் கார்டில் கை வைக்கின்றன என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஹங்கேரி நெடுஞ்சாலையில் வாடிக்கையாளர்கள் கட்டாமல் விட்ட கட்டணத்துக்கு, வண்டியின் பதிவு உரிமையாளரான ஜெர்மன் வாடகை நிறுவனத்திடமே கேட்கலாம் என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2022இல் ஏற்றுக்கொண்டது.

‘360 நாள் தாண்டிவிட்டால் கட்டவே வேண்டாம்’ என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கெடு, வெளிநாட்டில் வசிப்பவருக்குப் போக்குவரத்து அபராத நோட்டீஸ் அனுப்புவதற்கானது. டோல் பாக்கி அபராதம் இல்லை, சாதாரணக் கடன். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பிடிப்பார்களா என்ற பயத்தை விடுங்கள். டிக்கெட் தொலைந்து, பட்டனை அழுத்தி உதவி கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு போனவர் குற்றவாளி இல்லை. முன்னால் போகும் வண்டியை ஒட்டியபடியே தடுப்பைத் தாண்டுவதைப் பழக்கமாக வைத்திருந்தவர்கள் மேல் அங்கே கிரிமினல் வழக்கு வந்திருக்கிறது. அது வேறு கதை. இவ்வளவு சிறிய தொகைக்காக நாடு தாண்டி வழக்குப் போடுவதும் அபூர்வம். ஆனால் நீங்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வசிப்பவர் என்றால் அலட்சியம் வேண்டாம். 5,000 யூரோ வரையிலான கோரிக்கைகளுக்கு அங்கே எல்லை தாண்டிய எளிய நடைமுறை இருக்கிறது. டோல் கட்டாத வண்டிகளின் பதிவு விவரங்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள 2019இல் ஒரு நெறிமுறையும் வந்துவிட்டது.

பணம் அனுப்பும் முன் இன்னொன்று. கடிதத்தில் உள்ள வண்டி எண், தேதி, நேரம், இடம் நான்கும் உங்கள் ஒப்பந்தத்தோடும் சீட்டோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் லிங்க் வந்தால் தொடவே தொடாதீர்கள். டோல் பாக்கி என்று வரும் போலிச் செய்திகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2024 ஏப்ரலிலேயே எச்சரித்தது. நெடுஞ்சாலை நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, சீட்டு எண்ணைப் போட்டுத் தேடினால் பாக்கி உண்மையா என்பது தெரிந்துவிடும்.

அடுத்த பயணத்துக்கு: இத்தாலியில் மஞ்சள் பலகையில் டி என்ற எழுத்து உள்ள வழி டெலிபாஸ் என்ற, நிற்காமலே டோல் கட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்கு; நீலம் கார்டுக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. தவறான வழியில் நுழைந்துவிட்டாலும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், அதற்கான தண்டனை டோலைவிடப் பல மடங்கு. மிலானுக்கு வடக்கே பெதெமொந்தானா சாலையில் டோல்கேட்டே கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், 15 நாளுக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்ட வேண்டும். அயர்லாந்தின் எம்50இலும் டோல்கேட் இல்லை, அங்கே மறுநாள் இரவு 8 மணி வரைதான் கெடு. சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலையில் ஒரு நாள் ஓட்டினாலும் 40 பிராங்குக்கு ஆண்டு டோல் வில்லை (ஸ்டிக்கர்) வாங்கியாக வேண்டும். வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.