முள் விழுகிற இடம்

கேள்வி: 2020இல் வாங்கிய பிஎஸ் 6 பைக். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடி திணறிவிட்டு மறுபடி இழுக்கிறது. திராட்டில் சென்சாரை (ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்று வண்டிக்குச் சொல்லும் பாகம்) மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். மின்தடையை அளக்கும் ஓம் மீட்டர் வைத்து நானே சோதிக்க முடியுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: முடியும். ஆனால் 'மாற்றிப் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. மாற்றிப் பார்ப்பவர் அவர், பணம் கொடுப்பவர் நீங்கள். அப்புறமும் திணறினால் அடுத்த பாகத்தை மாற்றிப் பார்ப்பார். கழற்றிப் போட்டது நல்லதா கெட்டதா என்று யாரும் அளப்பதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் என் ஸ்கூட்டருக்கு இதுதான் நடந்தது. புது சென்சார் போட்டும் திணறல் போகவில்லை. கடைசியில் கனெக்டரை உருவிப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டித் துடைத்ததும் வண்டி சரியாகிவிட்டது. பழைய சென்சாரை வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தேன். ஒரு குறையும் இல்லை. மெக்கானிக்கை மட்டும் சொல்லிப் பயனில்லை. பாகத்துக்குப் பணம் தருகிற நாம், கோளாறைக் கண்டுபிடிக்கிற நேரத்துக்குக் கூலி தருவதில்லையே.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது ஒரே இடத்தில் கரகரக்கும், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே கார்பன் பூச்சு தேய்ந்த இடம் அது. பல திராட்டில் சென்சார்களும் அதே வேலைதான். வளைவான ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு தொடுமுனை. நீங்கள் தினமும் எந்த வேகத்தில் அதிகம் போகிறீர்களோ, தடம் அந்த இடத்தில்தான் முதலில் தேயும்.

சாவியை அணைத்துவிட்டு சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஓம் மீட்டர் தன் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் அனுப்பி அளக்கிறது. வண்டியின் மின்சாரம் கலந்தால் அளவு பொய்யாகிவிடும், மீட்டரும் கெடலாம். சென்சாரில் இருக்கும் மூன்று பின்களில், மீட்டரின் ப்ரோப்புகளை (அளக்கும் ஊசிகள்) இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரைத் திருகியும் அளவு மாறாத ஜோடி, தடத்தின் இரு முனைகள். மிச்சமிருப்பது தொடுமுனை. ஒரு முனையிலும் தொடுமுனையிலும் ப்ரோப்பை வைத்து, ஆக்சிலேட்டரை மிக மெதுவாகத் திருகுங்கள். சென்சாரின் திருகில் மட்டும் கை வைக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் கோணம் மாறினால் ஐடிலிங்கே கெட்டுப்போகும்.

இங்கே டிஜிட்டல் மீட்டர் வேண்டாம், எண்ணுக்குப் பதில் முள் நகர்ந்து காட்டும் மீட்டர்தான் வேண்டும். இதைச் சொன்னதற்குப் பல வாசகர்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், இன்னும் வரட்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். நடுவில் தொடர்பு விட்டுப்போய் ஒட்டிக்கொண்டால் அதற்குத் தெரியாது. முள் மீட்டரில் இரண்டு ப்ரோப்பையும் ஒட்டவைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொண்டு அளந்து பாருங்கள். நல்ல சென்சாரில் முள் வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்த இடம் வந்ததும் சடாரென்று இடது கோடிக்குச் சரிந்து, திரும்ப எழும்பும். அந்த ஒரு நொடித் திணறலை அங்கே கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

ஓம் என்ற பெயருக்கு உரியவரும் முள்ளைப் பார்த்துத்தான் மின்சாரம் பற்றிய தன் விதியைக் கண்டுபிடித்தார். கேயார்க் ஓம், ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். அன்றைய பேட்டரிகளின் மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை என்று அவற்றைத் தள்ளிவைத்தார். செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு பக்கத்தைக் கொதிநீரிலும் மறுபக்கத்தைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் எடுத்தார். மெல்லிய நாடாவில் தொங்கிய காந்த முள் எவ்வளவு திரும்புகிறது என்று கம்பி கம்பியாக அளந்தார். 1827இல் புத்தகம் வந்தபோது சொந்த நாட்டில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841இல்.

கடைசியாக ஒன்று. உரசல் இல்லாமல் காந்தத்தால் இயங்கும் ஹால் வகை சென்சார்களும் உண்டு. அவற்றை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. சாவியைப் போட்டு வோல்ட்தான் பார்க்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கார்பன் வகையாக இருந்து முள் விழுந்தால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே இன்னொரு தடவை திருகிக் காட்டுங்கள். விழாவிட்டால் கனெக்டரில் பச்சை தெரிகிறதா பாருங்கள்.